குறையொன்றும் இல்லாத லெப்டினன்ட்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு வயது பதினைந்தரை. விண்வெளிப் படையிலேயே ஆக இளைய லெப்டினன்ட் அவள்தான். எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலில் அவள் வேலைக்குச் சேர்ந்ததுமே கேப்டன் கிர்க் காதலைச் சொல்கிறார், கூடவே ஓர் அழைப்பும் விடுக்கிறார். நான் அந்த மாதிரிப் பெண் இல்லை என்கிறாள் அவள். அவரும் மரியாதையோடு ஒப்புக்கொண்டு, காபி எடுத்து வருகிறேன், அதுவரை கப்பலைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று தலைமை நாற்காலியை விட்டுக் கிளம்புகிறார். அப்போது ஸ்பாக் வருகிறார். இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறார். கேப்டன் சொன்னார் என்கிறாள். அப்பழுக்கில்லாத தர்க்கம் என்று மெச்சுகிறார் ஸ்பாக்! பிறகு ஒரு கிரகத்தில் எல்லோரும் சிறைப்படுகிறார்கள். இவள் கொண்டை ஊசியால் பூட்டைத் திறக்கிறாள். தானும் பாதி வல்கன் இனத்தவள் என்ற ரகசியத்தை ஸ்பாக்கிடம் சொல்லிவிடுகிறாள். கப்பலுக்குத் திரும்பினால் கிர்க், ஸ்பாக், மெக்காய், ஸ்காட் என்ற அதிகாரிகள் நால்வரும் நோயில் விழுகிறார்கள். கப்பலை இவளே நடத்துகிறாள். நடத்திய அழகுக்கு நோபல் அமைதிப் பரிசும் இன்னும் இரண்டு கிரகங்களின் விருதுகளும் வருகின்றன. கடைசியில் அதே நோய் இவளையும் பிடித்துக்கொள்கிறது. நான்கு ஆண்களும் சுற்றி நின்று தேம்பி அழ, உயிரை விடுகிறாள். அவள் பிறந்தநாள் அந்தக் கப்பலில் இன்றைக்கும் விடுமுறை நாள்.

நான் அதிகம் சுருக்கவில்லை. மூலக் கதையே ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ‘எ டிரெக்கீஸ் டேல்’ என்று பெயர். 1973-இல் பவுலா ஸ்மித் என்ற ‘ஸ்டார் டிரெக்’ ரசிகை, தானும் தோழியும் சேர்ந்து நடத்திய ‘மெனாஜரி’ என்ற ரசிகர் இதழில் எழுதியது. லெப்டினன்டின் பெயர் மேரி சூ. ஸ்மித் அன்று கேலிக்கு வைத்த அந்தப் பெயர்தான், ரசிகர் கதைகளில் எங்கெல்லாம் அளவுக்கு மீறிய பூரணத்துவத்தோடு ஒரு பாத்திரம் வந்து நிற்கிறதோ அங்கெல்லாம் இன்றுவரை ஒட்டப்படுகிறது. ஆண் பாத்திரம் என்றால் கேரி ஸ்டூ என்பார்கள். அந்தப் பெயர் இவ்வளவு சுலபமாக வாயில் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

‘ஸ்டார் டிரெக்’ தொடரைப் பார்க்காதவர்கள் அவையில் இருக்கலாம். அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை மூன்று பருவங்கள், 79 பகுதிகள் ஓடியது. கிர்க் துணிச்சல்காரர், பெண்கள் விஷயத்தில் கொஞ்சம் சபலம். ஸ்பாக்கின் தந்தை வல்கன், தாய் பூமிப் பெண். வல்கன்கள் உணர்ச்சியை அடக்கி அறிவை மட்டுமே நம்புகிறவர்கள். மெக்காய் சிடுமூஞ்சி மருத்துவர். ஸ்காட் எஞ்சினைக் குழந்தைபோல் பேணும் பொறியாளர். இவர்கள் மேல் பித்துக்கொண்டவர்கள் 1967-லேயே இதழ் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். முதல் இதழின் பெயரே ‘ஸ்பாக்கனாலியா’. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, தபாலில் அனுப்பிய இதழ்கள். நம்மூரில் சிறுபத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அந்த உலகத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன்: எழுதியவர்கள், தொகுத்தவர்கள், வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்த இதழ்களுக்கு வந்து குவிந்த கதைகளில் ஒரே பெண் திரும்பத் திரும்ப வந்தாள். இளவயது, பேரழகு, பேரறிவு, கப்பலில் யாருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரியும், கப்பலையே காப்பாற்றுவாள், முடிவில் ஸ்பாக்கை மணப்பாள், இல்லாவிட்டால் அவர் மடியில் இறப்பாள். படித்துப் படித்துச் சலித்துப்போன ஒரு வாசகியின் சிரிப்புதான் மேரி சூ. அந்தச் சிரிப்பில் துளியும் தப்பில்லை. எனக்கும் பிடித்த பகடி அது.

இப்போது அந்தக் கதையை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். சிரிப்பு எங்கே வருகிறது? பதினைந்தரை வயதிலா? நோபல் பரிசிலா? அவை வெறும் அலங்காரம். சிரிப்பு வருவது ஸ்பாக்கிடம். உத்தரவு உத்தரவுதான் என்ற மொட்டைப் பதிலை, அண்டத்திலேயே கறாரான தர்க்கவாதி என்று பெயர் வாங்கியவர் மாசற்ற தர்க்கம் என்கிறாரே, அங்கே. கப்பலை யாரிடமும் லேசில் ஒப்படைக்காத கிர்க், சேர்ந்து ஒரு நாள்கூட ஆகாத சிறுமியிடம் விட்டுவிட்டுக் காபிக்குப் போகிறாரே, அங்கே. எரிந்து விழுவதையே சுபாவமாகக் கொண்ட மெக்காய் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் கண்ணைத் துடைக்கிறாரே, அங்கே. மேரி சூ தன் குணத்தால் கதையைக் கெடுக்கவில்லை. அவள் வந்த மாத்திரத்தில் மற்ற எல்லோரும் தங்கள் குணத்தை விட்டுவிடுகிறார்கள். எந்த ஸ்பாக்குக்காக வாசகி இதழுக்குக் காசு அனுப்பினாளோ, அந்த ஸ்பாக் கதையில் இல்லை. அவர் பெயரைப் போட்டுக்கொண்ட ஒரு கைதட்டும் பொம்மைதான் இருக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மீதி எல்லாம் இதற்கு உதாரணம். குறையற்ற பாத்திரத்தின் கோளாறை அந்தப் பாத்திரத்துக்குள் தேடிப் பயனில்லை. சுற்றி நிற்பவர்களைப் பார்க்க வேண்டும்.

நமக்கு இதில் உடனே ஒரு சந்தேகம் வரும். தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும்போதே தனக்கு நிகரில்லாத தலைவன் வேண்டும் என்றல்லவா கேட்கிறது? கம்பனின் இராமன் யார்? அவனைவிடக் குறையற்றவன் உண்டா? இல்லைதான். ஆனால் அந்த இராமன் மறைந்து நின்று அம்பு எய்ததும், நெஞ்சில் அம்போடு கிடக்கும் வாலியைக் கம்பன் என்ன செய்யவிட்டான்? பாட்டுப் பாட்டாகக் கேள்வி கேட்கவிட்டான். உன் குலம் என்ன, உன் வில்லறம் என்ன, இது நியாயமா என்று வாலி விளாசுகிறான். முடிவில் வாலி அடங்கி வணங்குகிறான் என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு நம்மூர்ப் பட்டிமன்றங்கள் இன்னும் பிழைப்பு நடத்துகின்றன. நிகரில்லாத தலைவனின் காவியத்திலும் வாலி வாலியாகவே இருந்தான். மேரி சூ கதையில் வாலிக்கு இடமே கிடையாது.

கல்கி இதை இன்னொரு விதமாகச் சமாளித்தார். ‘பொன்னியின் செல்வன்’ என்று பட்டம் பெற்ற அருள்மொழிவர்மனிடம் ஒரு குறை சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ, அவனை இரண்டாம் பாகம் வரை நேரில் கொண்டுவராமல், கதையை ஓடிச் சுமக்கும் வேலையை வந்தியத்தேவனிடம் கொடுத்துவிட்டார். வந்தியத்தேவன் அவசரக்குடுக்கை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வான். கடலில் பூங்குழலிதான் அவனைக் கரை சேர்க்க வேண்டும். அந்த நாவலுக்குப் பிறகு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். இன்றைக்கும் இளைஞர்கள் கைப்பேசியில் தொடர்ச்சி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் வந்தியத்தேவன் ஒரு தடவையாவது அசடு வழிகிறானா என்று பாருங்கள். வழிந்தால் எழுதியவருக்குக் கல்கி பிடிபட்டிருக்கிறார்.

அமெரிக்கக் கப்பலுக்குத் திரும்புகிறேன். அந்தப் பெண்கள் ஏன் இந்த ஒரே பெண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள்? சின்னப் பெண்களின் பகல்கனவு என்று கைகழுவிவிடலாம்தான். ஆனால் தொடரின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் காரணம் கண்ணில் படுகிறது. 1964-இல் தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி எடுக்கத் தொடங்கிய முதல் மாதிரிப் படத்தில் கப்பலின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்தது ஒரு பெண். உணர்ச்சி காட்டாத, கணக்காகப் பேசும் அதிகாரி. மேஜல் பேரட் நடித்தார். தொலைக்காட்சி நிறுவனம் அந்தப் படத்தை ஏற்கவில்லை. வேறொரு மாதிரிப் படம் எடுத்தபோது அவளைக் காணோம். அவளுடைய நிதானமும் கறாரும் ஸ்பாக்குக்கு மாற்றப்பட்டன. பேரட் தொடருக்குள் திரும்பி வந்தார், மெக்காயின் நர்ஸாக! தொடருக்கு மிகச் சிறந்த கதைகளை எழுதிய டோரதி ஃபோன்டானா திரையில் டி.சி. ஃபோன்டானா என்றே பெயர் போட்டுக்கொண்டார். எழுதியது பெண் என்று தெரியாமலிருக்கட்டும் என்று. 1969 ஜூன் 3 அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியின் கதை என்ன தெரியுமா? கேப்டன்களின் உலகத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று மனம் கசந்த ஒருத்தி, கிர்க்கின் உடம்புக்குள் புகுந்து கப்பலைக் கைப்பற்றுகிறாள். அவளைப் புத்தி பேதலித்தவளாகக் காட்டிக் கதையை முடித்துவிட்டார்கள்.

இது நடந்து நாலு வருடத்தில் மேரி சூ அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கேப்டன் காபி வாங்கப் போயிருந்தார்.

தொலைக்காட்சி தராததை ரசிகைகள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். எழுதப் பழகாத கை, எழுதியது கோணல்மாணலாகத்தான் வந்தது. பழகிய கை எழுதினாலும் இந்த ஆசை சும்மா விடுவதில்லை என்பதற்கு ராடன்பெரியே சாட்சி. 1987-இல் அவர் மறுபடி தொடங்கிய தொடரில் வெஸ்லி என்று ஒரு பையன் வருகிறான். பெரிய அதிகாரிகள் விழிக்கும்போது அவன் விடை சொல்கிறான். வேற்று உலகத்து ஆசாமி ஒருவர் வந்து, இவன் மொசார்ட் போன்ற மேதை என்று கேப்டன் காதில் போட்டுவிட்டுப் போகிறார். உடனே பையனுக்குத் தற்காலிக அதிகாரிப் பதவி கிடைக்கிறது. படைத்தவரின் முழுப் பெயர் யூஜின் வெஸ்லி ராடன்பெரி. ரசிகர்கள் வெஸ்லியை வறுத்தெடுத்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அவன் கதையை எந்த இதழாசிரியரும் திருப்பி அனுப்பவில்லையே! கோடிக்கணக்கான பணம் செலவழித்து ஒளிபரப்பினார்கள்.

இந்த நோய் ஸ்டார் டிரெக்கோடு பிறந்ததும் இல்லை. 1856-இல் ‘வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ’வில் ஜார்ஜ் எலியட் பெயர் போடாமல் ஒரு கட்டுரை எழுதினார். அன்றைய சீமாட்டிகள் எழுதித் தள்ளிய நாவல்களைத் துவைத்துக் காயப்போட்ட கட்டுரை. அதில் வரும் நாயகி பணக்காரி, பேரழகி, பக்திமதி. நடனத்தில் தேவதை, பாட்டில் குயில், பைபிளை மூல மொழிகளில் படிக்கிறவள். அவள் இரண்டு வார்த்தை பேசினால் பிரபுக்கள் வாயடைத்து நிற்கிறார்கள். ஆள் யார் என்று உங்களுக்கே தெரிகிறது அல்லவா? கட்டுரையை முடித்த கையோடு, அதே மாதத்தில், எலியட் தன் முதல் கதையைத் தொடங்கினார். அந்தக் கதையின் நாயகன் அழகும் இல்லாத, சாமர்த்தியமும் இல்லாத, கடனில் தத்தளிக்கும் ஒரு பாதிரியார்.

சரி, ஒருமுறை படைத்துவிட்ட பூரணப் பாத்திரத்தைத் திருத்த முடியுமா? முடியும். திருத்திக் காட்டிய ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. டோரதி சேயர்ஸ். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கிய 1920-லேயே பட்டம் வாங்கியவர். படிப்பு இருந்தது, பணம் இல்லை. 1923-இல் அவர் வெளியிட்ட முதல் துப்பறியும் நாவலில் பீட்டர் விம்ஸி பிரபு வருகிறார். கோமகன் ஒருவரின் தம்பி, ஆக்ஸ்ஃபோர்டில் முதல் வகுப்பு, கிரிக்கெட் வீரர், பியானோ வாசிப்பார், அரிய பழம் புத்தகங்கள் சேகரிப்பார், ஒயினை நாக்கில் வைத்தே வருடம் சொல்வார். பின்னாளில் சேயர்ஸ் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்: தன் ஒற்றை அறை அலுத்தபோது விம்ஸிக்குப் பிக்காடிலியில் சொகுசு வீடு பிடித்துக் கொடுத்தாராம், தன் மலிவு விரிப்பு ஓட்டையானபோது அவருக்கு விலையுயர்ந்த பிரெஞ்சுக் கம்பளம் வாங்கிப் போட்டாராம், தன்னிடம் பஸ்ஸுக்குக் காசில்லாதபோது அவருக்கு டெய்ம்லர் கார். செலவில்லாத வள்ளல்தனம்! போரில் அடிபட்ட மனம் என்ற காயத்தையும் முதல் நாவலிலேயே விம்ஸிக்குக் கொடுத்திருந்தார். அந்தக் காயத்தால் ஒன்றும் பெரிதாக ஆகிவிடவில்லை. விம்ஸி ஜொலித்துக்கொண்டேதான் இருந்தார்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் ரொம்பப் பூரணமாக இருக்கிறதா, ஒரு குறையைச் சேர் என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்லித் தருகிறார்கள். நாயகி தடுக்கி விழுவாள், சமைக்கத் தெரியாது, கோபம் வரும் என்று எழுதிவிட்டால் போதும் என்கிறார்கள். போதாது. தடுக்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்கக் கதாநாயகன் ஓடி வருவான். கோபப்பட்டால் கோபத்திலும் அழகு என்பான். ஒட்டவைத்த குறையும் ஒரு நகைதான்.

1930-இல் வந்த ‘ஸ்ட்ராங் பாய்ஸன்’ நாவலில் ஹாரியட் வேன் என்ற பெண்ணைச் சேயர்ஸ் கொண்டுவந்தார். காதலனை விஷம் வைத்துக் கொன்றதாகக் கைதாகி, தூக்குத் தண்டனை அபாயத்தோடு விசாரணையில் நிற்பவள். சிறையில் நடக்கும் முதல் சந்திப்பிலேயே விம்ஸி அவளிடம் கல்யாணம் பேசுகிறார். அவரே அவளைக் குற்றமற்றவள் என்று நிரூபித்து விடுதலையும் வாங்கித் தருகிறார். அந்தப் புத்தகத்தோடு இருவருக்கும் மணம் முடித்து விம்ஸிக்கு விடைகொடுத்துவிடுவது என்பதுதான் ஆசிரியரின் திட்டம். முடியவில்லை. உயிரைக் காப்பாற்றிய ஒரே காரணத்துக்காக, நன்றிக்கடனாக, சுயமரியாதையுள்ள ஒரு பெண் இந்த மினுமினுப்பான மனிதரை எப்படிக் கட்டிக்கொள்வாள்? ஹாரியட் மறுத்துவிட்டாள். ஐந்து வருடம் மறுத்தாள்.

இந்த மறுப்பால் விம்ஸி மாற வேண்டியதாயிற்று. அவர் பேச்சில் இருந்த வேடிக்கை குறைகிறது. அவருக்கு வயதாகிறது. அவருடைய பெருமையே அவருக்கு இடைஞ்சலாகிறது. 1935-இல் வந்த ‘காடி நைட்’ நாவலில் ஓர் இடம்: ஹாரியட்டும் துப்பறியும் கதை எழுதுகிறவள்தான், தன் கதையில் ஒரு பாத்திரம் மரப்பாச்சியாக நிற்கிறது என்று விம்ஸியிடம் சொல்கிறாள். அவனுக்கு மனுஷ சுபாவம் கொடுத்துப் பாரேன் என்கிறார் அவர். அப்படி எழுதினால் எனக்கு வலிக்குமே என்கிறாள். புத்தகம் நன்றாக வருமென்றால் வலித்தால் என்ன என்கிறார். ஒரு காலத்தில் மரப்பாச்சியாக இருந்த பாத்திரத்தின் வாயிலிருந்தே சேயர்ஸ் இதைச் சொல்ல வைத்தார். அந்தத் துணிச்சலுக்கு ஈடாக ரசிகர் கதை உலகத்தில் நான் எதையும் படித்ததில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹாரியட் வேன் அப்பட்டமாகச் சேயர்ஸின் நிழல். துப்பறியும் நாவலாசிரியை, ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவள், நாயகனே உருகி உருகிக் காதலிக்கும் பெண். இணையம் வந்தபிறகு மேரி சூவைக் கண்டுபிடிக்க மதிப்பெண் போடும் பட்டியல்கள் கிளம்பின. கண் நிறம் அபூர்வமா? பெற்றோர் இல்லையா? எழுதியவரின் சாயல் இருக்கிறதா? எல்லாக் கலையும் தெரியுமா? அந்தப் பட்டியலில் ஹாரியட்டை வைத்தால் தேறமாட்டாள். பேட்மேனை வைத்தால் நிச்சயம் மாட்டுவார். கப்பற்படை உளவுத்துறையில் வேலை பார்த்த இயன் ஃப்ளெமிங், 1953 முதல் வெளிவந்த தன் நாவல்களின் நாயகன் ஜேம்ஸ் பாண்டுக்கும் கப்பற்படை அதிகாரிப் பதவியே கொடுத்தார். பாண்டுக்குத் தெரியாத கலை உண்டா, மயங்காத பெண் உண்டா? அவரை அந்தப் பட்டியலில் வைத்துப் பார்ப்பவர்கள் அபூர்வம். கேரி ஸ்டூ பற்றிப் பிறகு வருகிறேன் என்று முன்பு சொன்னது இதைத்தான். ஆண் எல்லாம் வல்லவனாக இருந்தால் அவன் நாயகன், பெண் இருந்தால் மேரி சூ.

கமில் பேகன்-ஸ்மித் என்ற ஆய்வாளர் ஸ்டார் டிரெக் ரசிகைகளோடு பல வருடம் பழகி 1992-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு சங்கதி என்னை உறுத்தியது. மேரி சூ என்ற கேலிக்குப் பயந்து, நல்ல எழுத்துத் திறமை உள்ள பெண்களே தங்கள் கதையில் பெண் பாத்திரம் வைப்பதை நிறுத்திவிட்டார்களாம். எவ்வளவு அடக்கி எழுதினாலும் கடைசியில் அந்தப் பெயர் வந்து விழும் என்ற பயம். பெண்கள் எழுதி, பெண்கள் படிக்கிற இதழில் பெண்ணைக் காணோம்! பவுலா ஸ்மித் இதை நினைத்து எழுதவில்லை. அவர் ஒரு மோசமான எழுத்துப் பழக்கத்தைக் கிண்டல் செய்தார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கிண்டலைக் கம்பாக்கி, தலை நிமிர்ந்த பெண் பாத்திரத்தையெல்லாம் அடிக்கப் புறப்பட்டார்கள். 2015-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ரே வந்தபோது அதே கூச்சல். அவளுக்கு விண்கலம் ஓட்டத் தெரிகிறதே, வாள் வீசத் தெரிகிறதே என்று. 1977-இல் பண்ணையிலிருந்து வந்த லூக், தான் விண்கலம் ஓட்டிய முதல் போரிலேயே ஒரு குட்டிச் சந்திரன் அளவுள்ள கோட்டையைத் தகர்த்தான். அப்போது கொட்டகையில் விசில் அடித்தோம். ரே பாத்திரத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அவளை எதிர்த்து நிற்க அந்தப் படங்களில் ஆள் சரியாக அமையவில்லை என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. அப்படியென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். வாள் வீசத் தெரிந்ததைக் குற்றமாகச் சொல்லக் கூடாது.

இந்த அவையில் எழுதுகிற பிள்ளைகள் பலர் இருப்பதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். உங்களிடம் ஒரு வார்த்தை. முதல் கதையில் உங்களைப் போன்ற, ஆனால் உங்களைவிட அழகான, கெட்டிக்காரியான ஒருத்தி வரத்தான் செய்வாள். வரட்டும், தாராளமாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவளை விட்டுவிட்டு, அவளோடு பேசும் மற்றவர்களின் வசனத்தை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். அவர்களுக்கு அவளைப் பாராட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்கிறதா? யாராவது ஒருவர், நியாயமான காரணத்தோடு, முடியாது என்கிறாரா? இல்லையென்றால் அடுத்த பிரதியில் ஒருவரைச் சொல்ல வையுங்கள். உடனே அவரைக் கெட்டவர் ஆக்கிவிடாதீர்கள்.

அந்தப் பிள்ளைகளின் கதைகளைப் படிக்கிற பெரியவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கதையின் மேல் மேரி சூ என்று ஒற்றைப் பெயரை எழுதித் திருப்பி அனுப்பாதீர்கள். எந்தப் பக்கத்தில், எந்தப் பாத்திரம் தன் சுபாவத்தை விட்டுவிட்டது என்று ஓரத்தில் குறித்துக் கொடுங்கள். எழுதிய பெண் அதை வைத்து இரண்டாவது பிரதியைத் தொடங்கிவிடுவாள்.